கண் திறந்த எலிக்குட்டிகளும் அம்மாவின் இமைமுடியும்

"ஏன்டி, மாத்திரை நுரையீரலுக்குத்தானே குடுத்தாங்க? மூஞ்சியில எதுக்கு இப்பிடிப் பொரிஞ்சு கெடக்கு?"

முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அம்மா கேட்டாள். மாத்திரை ஆரம்பித்துப் பத்தாவது நாள். மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்திலும், நெற்றியிலும் பரு மாதிரிச் சிவந்து கிளம்பியிருந்தது. சில இடத்தில் சீழ் கோத்திருந்தது. அறுபத்து மூன்று வயதில் பதினாறு வயதுப் பெண்ணின் பரு. அம்மாவுக்கு அது வலியைவிட வெட்கமாக இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள்.

அம்மா தையற்காரி. எங்கள் வீட்டு முன்னறையில் நாற்பது வருடமாக ரவிக்கை தைக்கிறாள். நான் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். செல்லின் மேற்பரப்பில் ஏற்பி இருக்கும், அதில் ஹார்மோன் வந்து ஒட்டும், உள்ளே சமிக்ஞை போகும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்கு அம்மா கேட்டபோதுதான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தேடியதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. ஒரு மருத்துவமனையில் படத்தைப் பார்த்துக் காசநோய் என்று முடிவு செய்து மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒரு தடவைகூடத் தெரியவில்லை. எடை மட்டும் குறைந்துகொண்டே போனது. அப்புறம் வேறு ஊரில், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோதுதான் நுரையீரல் புற்று என்று தெரிந்தது. அம்மா பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டதே இல்லை. அந்தச் சதைத் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த தாளில் ஒரு வரி: இஜிஎஃப் ஏற்பி மரபணுவில் எக்சான் 19 நீக்கம். எக்சான் என்பது மரபணுவின் ஒரு துண்டு. பத்தொன்பதாவது துண்டில் கொஞ்சம் காணவில்லை என்று அர்த்தம். "இது நல்ல செய்திம்மா, ஊசி மருந்து வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும்" என்றார் மருத்துவர். ஜெஃபிட்டினிப், 250 மில்லிகிராம்.

இஜிஎஃப் என்ற அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு எலிக்குட்டிக் கதை இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இத்தாலியப் பெண் விஞ்ஞானியும் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நரம்பை வளரச் செய்யும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதிக்காகப் பாம்பு விஷத்தைக் கலந்தார்கள். பார்த்தால் அந்த விஷத்திலேயே அவர்கள் தேடிய பொருள் ஏராளமாக இருந்தது. விஷப்பை என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே, அப்படியானால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பார்ப்போமே என்று கோஹன் யோசித்தார். அதிலும் இருந்தது.

அந்தச் சுரப்பிச் சாற்றை அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டபோது, நரம்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்று நடந்தது. எலிக்குட்டி பிறக்கும்போது இமைகள் ஒட்டியிருக்கும். கண் திறக்கப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு நாள் ஆகும். சாறு போட்ட குட்டிகள் ஏழாம் நாளே கண் திறந்துவிட்டன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. இன்னொருவராக இருந்தால் இது நம் வேலை இல்லை என்று விட்டிருப்பார். கோஹன் விடவில்லை. 1959இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனவர், அங்கே இமைக்கு என்ன ஆகிறது என்று தோலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். மேல்தோல் தடித்திருந்தது. செல்கள் வேகமாகப் பெருகி, வேகமாக முதிர்ந்திருந்தன. அந்தப் பொருளைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் வந்தது. அதன் சுருக்கம்தான் இஜிஎஃப். 53 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னப் புரதம்.

மேல்தோல். பெயரிலேயே இருக்கிறது. அம்மாவின் மாத்திரை, இஜிஎஃப்பின் பேச்சைக் கேட்கும் ஏற்பியை அடைப்பது. அந்த ஏற்பி நுரையீரலில் மட்டுமா இருக்கிறது? தோலில், மயிர்க்காலில், நகக்கண்ணில், குடலின் உள்பூச்சில் என்று எங்கே செல்கள் தேய்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் இருக்கிறது. மாத்திரைக்கு எது புற்றுச் செல், எது கன்னத்துச் செல் என்று முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முகத்தில் வந்தது பரு இல்லை. பழைய தோல் வழக்கம்போல முதிரக் கிடைக்க வேண்டிய செய்தி கிடைக்காமல் வந்த அழற்சி.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுத்த கேள்வி கேட்டாள். "செய்தின்னா? யாரு யாருக்குச் சொல்றா?"

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விஷயம் பிடித்துப்போனது.

இஜிஎஃப் தண்ணீரில் கரையும் புரதம். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றுக்கொன்று ஆகாது. அதனால் இஜிஎஃப்பால் சவ்வைத் தாண்டி உள்ளே போய்ச் செய்தி சொல்ல முடியாது. வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே கதைதான். இன்சுலின் செல்லுக்குள் புகுந்து சர்க்கரையை இழுத்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெளியே நின்றபடி ஏற்பியைத் தொடுகிறது, மற்ற வேலையெல்லாம் உள்ளே இருப்பவர்கள் செய்கிறார்கள்.

ஏற்பி என்பது சவ்வின் குறுக்கே குத்தி நிற்கும் நீளமான புரதம். வெளியே ஒரு பெரிய தலை, அதில்தான் இஜிஎஃப் ஒட்டும். உள்ளே ஓர் உடலும் ஒரு தளர்ந்த வாலும். தலையையும் உடலையும் இணைத்துச் சவ்வைக் கடப்பது ஒரே ஒரு சுருள் இழை. சுமார் 23 அமினோ அமில நீளம், அவ்வளவுதான். அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பி மாதிரியானவை சவ்வை ஏழு தடவை தைத்தபடி போகும். வெளியே தொட்டால் அந்த ஏழு தையலும் சேர்ந்து கொஞ்சம் நெளிந்து உள்ளே அசைவைக் காட்டும். ஒற்றை இழை என்ன செய்ய முடியும்? கொழுப்புக்குள் மிதக்கும் ஒற்றை நூலின் மேல்முனையைத் தொட்டால் கீழ்முனைக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களைப் பல வருடம் உட்கார வைத்தது.

பதிலின் முதல் பாதி 1978இல் கிடைத்தது. கோஹனும் கிரஹாம் கார்ப்பென்டரும் ஏ431 என்ற செல் வகையை எடுத்தார்கள். 85 வயதுப் பெண்மணி ஒருவரின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த செல்கள். ஒவ்வொரு செல்லிலும் இருபது லட்சத்துக்கு மேல் இஜிஎஃப் ஏற்பிகள். சாதாரணச் செல்லில் ஒரு லட்சம் இருந்தாலே அதிகம். அந்தச் செல்களின் சவ்வை மட்டும் பிரித்து, கதிரியக்கப் பாஸ்பேட் உள்ள ஏடிபியோடு (செல்லுக்கு ஆற்றல் தரும், பாஸ்பேட் சுமந்த சின்ன மூலக்கூறு) இஜிஎஃப்பைக் கலந்தார்கள். சவ்வில் இருந்த புரதங்களின் மேல் பாஸ்பேட் ஒட்டியது. யாரோ ஒரு நொதி ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டைப் பிய்த்துப் புரதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் செய்யும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். சரி, யார் அந்த நொதி என்று ஏற்பியைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தால், நொதியும் கூடவே வந்தது. எத்தனை தடவை கழுவினாலும் பிரியவில்லை. செய்தி கேட்கும் காதும் வேலை செய்யும் கையும் ஒரே புரதம் என்று மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தில் ஒட்டுகிறது? திரியோனின் என்று அவர்கள் முதலில் எழுதினார்கள். அது தவறு. அந்தத் தவறு வெளிவந்த விதம் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

1979இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் ஒரு புற்று வைரஸின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களை மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பார்கள். அதற்கு ஓர் அமிலக் கரைசல் வேண்டும், பிஎச் 1.9. ஹண்டர் புதிதாகக் கலக்காமல் முன்பே பயன்படுத்திய கரைசலையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதன் பிஎச் 1.7க்கு இறங்கியிருந்தது. சரியான 1.9இல் பாஸ்போ-திரியோனினும் பாஸ்போ-டைரோசினும் ஒரே இடத்தில் போய் நிற்கும், பிரித்தறிய முடியாது. 1.7இல் இரண்டும் தள்ளித் தள்ளி நின்றன. திரியோனின் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி. டைரோசினிலும் பாஸ்பேட் ஒட்டும் என்று அப்படித்தான் தெரியவந்தது. சாதாரணச் செல்லில் பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களில் இது 0.03 சதவீதம்தான். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. கோஹனின் குழு தன் பழைய சோதனையைத் திரும்பச் செய்து 1980இல் திருத்தி எழுதியது: இஜிஎஃப் ஏற்பி பாஸ்பேட் ஒட்டுவது டைரோசினில்.

இது ஒரு சின்னத் திருத்தம் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செல்லுக்குள் செரினிலும் திரியோனினிலும் பாஸ்பேட் ஒட்டுவது எப்போதும் நடக்கிற காரியம். டைரோசின் அப்படி இல்லை. அபூர்வமாக ஒட்டும், சீக்கிரமே அழிக்கப்படும். அபூர்வமாக இருப்பதால்தான் அது செய்தியாக இருக்க முடிகிறது. ஊரெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தால் கோயில் மணி யார் காதில் விழும்?

இனி இரண்டாவது பாதி. ஒற்றை இழை எப்படிச் செய்தியைக் கடத்துகிறது? ஒற்றையாக அது கடத்துவதில்லை. இரண்டு ஏற்பிகள் சேர வேண்டும். இஜிஎஃப் வந்து ஒட்டாதபோது ஏற்பியின் தலை மடங்கியிருக்கிறது. பக்கத்து ஏற்பியைப் பிடிக்க ஒரு கை இருக்கிறது, அது மடிப்புக்குள் மறைந்திருக்கும். இஜிஎஃப் ஒட்டியதும் தலை நிமிர்கிறது, கை வெளியே வருகிறது. அதேபோல நிமிர்ந்த இன்னொரு ஏற்பியின் கையோடு கோத்துக்கொள்கிறது. 2002இல் ஏற்பியின் தலையைப் படிகமாக்கி அதன் வடிவத்தைப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம். இஜிஎஃப் இரண்டு ஏற்பிகளுக்கும் நடுவில் பசை மாதிரி இருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். அது இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தது. ஏற்பிகள் தாமாகவே கை கோத்திருந்தன. (இன்சுலின் ஏற்பி இந்த விஷயத்தில் வேறு மாதிரி. அது பிறக்கும்போதே ஜோடியாகத்தான் இருக்கும், இன்சுலின் வந்ததும் ஜோடியின் நிலை மட்டும் மாறும்.)

வெளியே தலைகள் சேர்ந்தால் உள்ளே உடல்களும் நெருங்கும். நெருங்கி என்ன செய்கின்றன என்பதை 2006இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் குரியனின் குழு காட்டியது. சென்னையில் இளநிலைப் படிப்பைத் தொடங்கிவிட்டு அமெரிக்கா போனவர் அவர். இரண்டு கைனேஸ் உடல்களும் எதிரெதிராக, சரிசமமாக நிற்பதில்லை. ஒன்றின் அடிப்பகுதி இன்னொன்றின் மேற்பகுதியில் முட்டி நிற்கிறது. முட்டுகிற அழுத்தத்தில் இரண்டாவதன் உள்ளே ஒரு சுருள் நகர்ந்து சரியான இடத்துக்கு வருகிறது, நொதி விழிக்கிறது. விழித்த நொதி ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வாலில் உள்ள டைரோசின்களில் ஒட்டுகிறது. தள்ளுகிறவர் ஒருவர், விழிக்கிறவர் ஒருவர். எந்த ஏற்பியும் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள முடியாது.

ஒற்றை நூலால் முடியாததை இரண்டு பேர் நெருங்கி நின்று முடிக்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவளுடைய சாக்பீஸ் கண்ணில் பட்டது. வெட்டுவதற்கு முன்னால் துணியை விரித்து, முக்கோணச் சாக்பீஸால் அம்மா குறி போடுவாள். கழுத்து இங்கே, டக் இங்கே, அக்குள் வளைவு இங்கே. அந்தக் குறி எதையும் வெட்டாது, எதையும் தைக்காது. ஆனால் கத்திரி அதைப் பார்த்துத்தான் போகும். காஜா எடுக்கக் கொடுத்தால் அந்த அக்கா குறி உள்ள இடத்தில்தான் காஜா எடுப்பார். வேலை முடிந்ததும் அம்மா உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினால் குறி போய்விடும். "பாஸ்பேட் அப்படித்தாம்மா. சாக்பீஸ் குறி" என்றேன். "அப்ப கத்திரி யாரு?" என்றாள்.

கத்திரிகள் பல. டோனி பாசன் என்பவர் 1986இல் கனடாவில், ஒரு வைரஸின் கைனேஸில் நூறு அமினோ அமில நீளத்துக்கு ஒரு துண்டு தனியாகத் தெரிவதைக் கண்டுபிடித்தார். எஸ்எச்2 என்று பெயரிட்டார்கள். இந்தத் துண்டில் ஒரு குழி இருக்கிறது. டைரோசினில் பாஸ்பேட் இருந்தால் மட்டும் அதில் பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது. மனித உடலில் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களில் இந்தத் துண்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் டைரோசினை அடுத்துள்ள இரண்டு மூன்று அமினோ அமிலங்களையும் பார்த்துத் தனக்கான குறியைத் தேர்ந்தெடுக்கும். ஆக, ஏற்பியின் வாலில் ஐந்தாறு இடத்தில் குறி விழுந்ததும், செல்லுக்குள் சும்மா மிதந்துகொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் குறியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வாசலில் ஆள் சேர்ந்ததே பாதி வேலை. கூட்டம் கூடிய இடத்தில்தான் காரியம் நடக்கும்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் கிரப்2. அவர் சாஸ் என்பவரைக் கையோடு கூட்டிவருவார். சாஸ், சவ்வின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ராஸ் என்ற சுவிட்சைப் போடுவார். ராஸ் ராஃபை எழுப்ப, ராஃப் மெக்கை எழுப்ப, மெக் எர்க்கை எழுப்ப, எர்க் உட்கருவுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று மாற்றும். செல் பிரியத் தயாராகும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய மாணவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் சாஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். பழ ஈயின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறு கண்ணுக்கும் எட்டு ஒளியுணர் செல்கள். ஏழாவது செல் மட்டும் உருவாகாத ஒரு ஈ வகை 1970களில் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் சீமோர் பென்சரின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. ஏழு இல்லாதது என்றே அந்த மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள். அது இதே குடும்பத்து ஏற்பி. அந்த ஏற்பிக்குக் கீழே வேலை செய்யும் புரதத்துக்கு 'ஏழில்லாதவனின் மகன்' என்று பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் சாஸ். ஈயின் கண்ணில் ஒரு செல்லை உண்டாக்கும் அதே வரிசை, அதே ஆட்கள், அம்மாவின் நுரையீரலிலும் இருக்கிறார்கள்.

குறி போடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அழிப்பதும் அதே அளவுக்கு முக்கியம். பாஸ்பேட்டை எடுத்துவிடும் நொதிகள் சவ்வுக்குப் பக்கத்திலேயே காத்திருக்கின்றன. குறி விழுந்து சில நிமிடங்களில் அது அழியத் தொடங்கும். போதாததற்கு, வேலை செய்த ஏற்பியையே செல் உள்ளே இழுத்து, சிதைத்துவிடுகிறது. ஒரு செய்திக்கு ஒரு தடவைதான் காது.

சரி, அம்மாவின் எக்சான் 19க்கு வருவோம். அந்த இடத்தில் பெரும்பாலும் காணாமல் போவது ஐந்தே அமினோ அமிலங்கள், 746இலிருந்து 750 வரை. 1186 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியில் ஐந்து. ஆனால் அவை போன இடம், பக்கத்து ஏற்பி முட்டும்போது நகர வேண்டிய அந்தச் சுருளை ஒட்டிய இடம். ஐந்து போனதும் சுருள் இழுபட்டு, விழித்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. இனி இஜிஎஃப் வர வேண்டாம். யாரும் வாசலுக்கு வராமலே குறி விழுந்துகொண்டிருக்கும். அழிக்க அழிக்க விழும். செல் பிரிந்துகொண்டே இருக்கும்.

இயற்கையில் இதற்கு முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. கோழிகளுக்கு இரத்தப்புற்று உண்டாக்கும் ஒரு வைரஸ், இஜிஎஃப் ஏற்பியின் வெளித்தலையைப் பெரும்பாலும் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தன்னோடு சுமந்து திரிகிறது என்று 1984இல் லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழு காட்டியது. காது இல்லாத கை. எதையும் கேட்காமல் வேலை செய்யும் கை.

ஜெஃபிட்டினிப், கைனேஸில் ஏடிபி உட்கார வேண்டிய குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏடிபி இல்லாவிட்டால் பாஸ்பேட் இல்லை, பாஸ்பேட் இல்லாவிட்டால் குறி இல்லை. சாக்பீஸையே பிடுங்கிக்கொள்வது மாதிரி. இது ஜப்பானில் 2002லும் அமெரிக்காவில் 2003லும் அனுமதிக்கப்பட்டபோது, பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் கேட்டது. அந்த ஒருவருக்கோ சில வாரத்திலேயே கட்டி சுருங்கியது. கேட்டவர்களில் புகைக்காதவர்கள் அதிகம், பெண்கள் அதிகம், கிழக்காசியர்கள் அதிகம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 2004இல் பாஸ்டனில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்த நோயாளிகளின் கட்டியை எடுத்து மரபணுவைப் படித்தபோது விடை கிடைத்தது. அவர்களின் ஏற்பியில் எக்சான் 19 நீக்கமோ 858ஆம் இடத்து மாற்றமோ இருந்தது. அந்த மாற்றம் ஏற்பியை ஓயாமல் வேலை செய்ய வைத்தது, கூடவே ஏடிபியைப் பிடிக்கும் பலத்தைக் குறைத்து மாத்திரைக்கு இடம் கொடுத்தது. நோயைக் கொடுத்த அதே மாற்றம்தான் மருந்துக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த வரியைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2009இல் வெளியான ஒரு பெரிய ஆசியச் சோதனை இன்னொன்றையும் தெளிவாகக் காட்டியது. மாற்றம் இருப்பவர்களுக்கு ஜெஃபிட்டினிப் கீமோதெரபியைவிட நல்லது. இல்லாதவர்களுக்குக் கீமோதான் நல்லது. சோதிக்காமல் மாத்திரை கொடுப்பது தவறு என்று அதற்கு அர்த்தம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புகைக்காதவருக்கு நுரையீரல் புற்று என்று வந்தால், சதையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்று தயவுசெய்து கேளுங்கள். கிழக்காசியாவில் இந்த வகை நுரையீரல் புற்றில் பாதிப் பேருக்குப் பக்கம் இந்த மாற்றம் இருக்கிறது. மேற்கு நாடுகளில் பத்தில் ஒருவர், ஒன்றரைப் பேர். நாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். மூன்று மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்ட என் அம்மாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் முகத்துக்கு டாக்சிசைக்ளினும் ஈரப்பசைக் களிம்பும் கொடுத்தார்கள். பரு மருந்து எதையும் போடக் கூடாது, தோலை இன்னும் காயவைக்கும் என்றார்கள். ஒரு மாதத்தில் அடங்கியது. கால் பெருவிரல் நகத்தோரம் வீங்கியது, வயிற்றுப்போக்கு வந்து போனது. இருமல் மூன்றாவது வாரமே நின்றுவிட்டது. இரண்டாவது மாத ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது.

நான்காவது மாதம்தான் இமைமுடி.

மூக்குக் கண்ணாடியில் ஏதோ உரசுகிறது என்றாள். பார்த்தால் இமைமுடிகள் நீண்டு, சுருண்டு, கண்ணாடி வில்லையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஊசியில் நூல் கோக்கத் தலையைக் குனிந்தால் கண்ணை மறைக்கின்றனவாம். தலைமுடி மெலிந்திருந்தது, இமைமுடி மட்டும் சின்னக் குழந்தைக்கு இருப்பதுபோல அடர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "பெரியம்மா, என்ன மை போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மயிர்க்கால் வளர்வது, நிற்பது, உதிர்வது என்று சுற்றிச் சுற்றி வரும். வளர்ந்தது போதும், நிறுத்து என்று சொல்வதில் இஜிஎஃப் ஏற்பிக்கும் பங்கு உண்டு. அதை அடைத்தால் இமைமுடி எப்போது நிற்பது என்று தெரியாமல் நீள்கிறது. எலிகளில் 'அலைமுடி' என்று ஒரு வகை பல காலமாக ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்டு வந்தது. உடல்முடியும் மீசையும் சுருள் சுருளாக இருக்கும். 1994இல் அதன் மரபணுவைப் பார்த்தபோது, இஜிஎஃப் ஏற்பியின் கைனேஸ் பகுதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. கைனேஸின் பலம் குறைந்திருந்தது. அதாவது அம்மாவின் மாத்திரை செய்வதைப் பிறப்பிலேயே கொஞ்சம் செய்துகொண்டு வந்த எலி. இந்த எலிக்குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். ஏனென்றால் கருவில் இமைகள் வளர்ந்து ஒட்டிக்கொள்வதற்கும் இதே ஏற்பி வேண்டும். செய்தி மிகுந்தாலும் கண் முன்கூட்டியே திறக்கிறது, செய்தி போதாவிட்டாலும் மூடாமலே பிறக்கிறது. கோஹனுக்கும் லெவி-மொண்டால்சினிக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அலைமுடிக் கணக்கு தீர்ந்தது அதற்கும் எட்டு வருடம் கழித்து.

பதினாறாவது மாதம் ஸ்கேனில் ஒரு புள்ளி மறுபடி வளர்ந்திருந்தது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரத்தச் சோதனையில் ஏற்பியின் 790ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் மெத்தியோனின் வந்திருப்பது தெரிந்தது. அது ஏடிபியின் பிடியைத் திரும்பப் பலமாக்கி ஜெஃபிட்டினிப்பைத் தள்ளிவிடும். இந்த மாத்திரைக்குப் பழகிப்போகும் கட்டிகளில் பாதிக்கு மேல் இதே ஒரு மாற்றம்தான். இதற்கென்றே வந்த ஆசிமெர்ட்டினிப், குழியின் விளிம்பில் 797ஆம் இடத்து சிஸ்டீனோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஏடிபியால் அசைக்க முடியாது. சாதாரண ஏற்பியை அவ்வளவாகத் தொடாது என்பதால் தோலுக்கும் தொல்லை குறைவு. அம்மா இப்போது அதில் இருக்கிறாள். முகம் தெளிந்துவிட்டது. இந்தக் கட்டிகள் அடுத்த மாற்றத்தையும் தேடிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். நடுவில் ரவிக்கை.

இமைமுடி மட்டும் இன்னும் வளர்கிறது. உள்பக்கம் திரும்பி விழியைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீண்டால் நுனியை வெட்டிவிடுங்கள் என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, நூல் வெட்டும் சின்னக் கத்திரியை வெந்நீரில் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார வைப்பேன். நேற்றும் வெட்டினேன். அம்மா கண்ணை இறுக மூடி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி வெட்டிய பச்சைத் துணி, அதில் வெள்ளைக் குறிகள். கன்னத்தில் விழுந்த முடியை ஊதிவிட்டேன்.

"தெறக்கலாமா?" என்றாள்.

"தெறம்மா" என்றேன்.